பென்சில் குறி போட்ட இடம்

விடுதி, அறை எண் 34
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரியில் நலம் என்று எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அடுத்த வரிக்குப் போகமாட்டாள் என்று சொல்லி அனுப்பினாய். நலம். இரண்டாவது வரியிலிருந்து உண்மையை எழுதலாம் அல்லவா?

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் எனக்கு 'ம்' தவிர வேறு எதுவும் வராது என்பது உனக்குத் தெரியும்.

இன்று உதவித்தொகை அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். இரண்டாம் மாடியில், தாழ்வாரத்தின் கடைசி அறை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் ஒரு அம்மாதான் அங்கே எல்லாம். எனக்கு முன்னால் வரலாறு படிக்கும் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவளிடம் அந்த அம்மா சொன்னார்: "வரலாறா? மூணு இடம்தாம்மா. நானூறு பேருக்கு மேல போட்டிருக்காங்க. கிடைச்சாலும் பாதிக் கட்டணம்தான், விடுதிக்குக் கிடையாது." அந்தப் பெண் போன பிறகு என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கென்ன கவலை, உலோகவியல். இரும்பு வார்ப்பாலைக்காரங்க அறக்கட்டளை. கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் அவங்க செலவு. ரெண்டு இடம், போட்டதே ஆறு பேரு. பாடத்தைப் பாத்துப் போடுறதுல இருக்கு எல்லாம்."

ஆறு பேர், அக்கா. நான் நூற்றுக்கணக்கான பேரில் ஒருத்தியாகத் தேர்வானேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தான் ஓட்டும் கிரேன் கூண்டில் என் படத்தை ஒட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அவரிடம் என்ன சொல்லி ஒட்ட வைத்தாய்?

அதோடு வந்திருக்கலாம். எப்படித்தான் வாய் திறந்ததோ, கேட்டுவிட்டேன்: "நானும் வரலாறுக்குப் போட்டிருந்தேன். எதுக்காகத் தள்ளிட்டாங்கன்னு பாக்க முடியுமா?"

அவர் கணினியில் தேடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். "உன் பேர்ல அப்படி ஒண்ணு வரவே இல்லையேம்மா."

நம் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நீதான் நிரப்புவாய். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாய். அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு வரி படிக்காமல் அதன் மேல் போட்டுவிடுவோம். "மேனேஜர் சொன்னா சரி" என்பார் அப்பா. அன்று நான் இரண்டு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டேன். மேலே இருந்தது வரலாறு. அதை நன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் அது ஒன்றைத்தான் எனக்குப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பிறகு நீ "வரலாறு கிடைக்கலை, இதுதான் கிடைச்சுது" என்றாய்.

அந்தத் தாள் எங்கே போனது? தபாலில் தொலைந்தது என்று எழுதினால்கூட நம்பிவிடுவேன். எழுது.

உன்
பூச்சி

பி.கு: பாடத்திலும் ஒன்று புரியவில்லை. ஒரே இரும்பு, ஒரே உலை. ஒன்று உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது, ஒன்று சாம்பலாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைகிறார். நீ வார்ப்பாலையில் தினமும் சுத்தியலால் அதைத்தானே தட்டிப் பார்க்கிறாய், உனக்காவது தெரியுமா?

*

வீடு
ஆகஸ்ட் 17

வாயில்லாப்பூச்சிக்கு,

கடைசியில் வாய் முளைத்துவிட்டது. முளைத்ததும் என்னைத்தான் கடிக்கிறது.

நேராகவே சொல்கிறேன். தபாலில் தொலையவில்லை. நான்தான் அனுப்பவில்லை.

அறக்கட்டளை விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. நீ பார்த்திருக்கமாட்டாய். உலோகவியல் முதல் விருப்பமாக இருக்க வேண்டும், அதே கல்லூரியில் வேறு துறையில் உதவித்தொகை கேட்டிருந்தால் விண்ணப்பம் தள்ளப்படும். இரண்டையும் அனுப்பியிருந்தால் இது நிச்சயமாகப் போயிருக்கும், அது அனேகமாகப் போயிருக்கும். நீ இப்போது எங்கே இருந்திருப்பாய் தெரியுமா? எங்கள் வார்ப்பாலையில் மணல் சலித்துக்கொண்டு, என் பக்கத்தில். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் ஒரே உறையைத்தான் ஒட்டினேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ 'ம்' என்றிருப்பாய். உன் 'ம்' எது சம்மதம், எது அழுகை என்று பத்தொன்பது வருடமாக எனக்கே பிடிபடவில்லை. தப்புதான்.

இனி இரும்புக்கு வருவோம். அந்த வளைகோட்டை விடு. உருக்கிய இரும்பில் கரி கரைந்திருக்கிறது, தண்ணீரில் சர்க்கரை மாதிரி. நிதானமாக ஆறவிட்டால் கரிக்கு நேரம் கிடைக்கும். தனியே பிரிந்து சின்னச் சின்னச் செதிலாக ஒதுங்கிக்கொள்ளும். உடைத்தால் சாம்பல் நிறம். கடைசல் இயந்திரத்தில் வைத்தால் வெண்ணெய் மாதிரி சீவலாம். அவசரமாகக் குளிரவைத்தால் கரிக்கு எங்கேயும் போக வழியில்லை, இரும்போடேயே மாட்டிக்கொள்ளும். உடைத்தால் வெள்ளை, பளபளவென்று. கல் மாதிரிக் கடினம், ஆனால் கீழே போட்டால் இரண்டு துண்டு. மெல்லிய ஓரங்கள் சீக்கிரம் ஆறும் என்பதால் ஒரே வார்ப்பில் நடு சாம்பலாகவும் ஓரம் வெள்ளையாகவும் இருக்கும். போன வாரம்கூட ஒரு குழாய்மூடி அப்படி வந்தது. நான் சுத்தியலால் தட்டிய சத்தத்திலேயே சொல்லிவிட்டேன். ஃபோர்மேன் நம்பவில்லை. உடைத்துப் பார்த்தார். அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டார்.

படம் வரைந்து அனுப்புகிறேன், பின்பக்கம் பார். அம்பு போட்டிருக்கும் இடம்தான் முக்கியம்.

அம்மா நலம். அப்பாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. கிரேனில் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவன் கத்துவது கேட்காவிட்டால் என்ன, கைஜாடை போதும் என்கிறார்.

சாப்பாட்டைத் தவறவிடாதே.

அக்கா

*

விடுதி, அறை எண் 34
ஆகஸ்ட் 24

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். 'தப்புதான்' என்பது ஒரே ஒரு சொல். கரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம், படத்தோடு.

நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொன்னால் உனக்குப் புரியுமோ என்னவோ. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போய்விட்டார்கள், அறைந்தது யார் என்று திரும்பிப் பார்த்தால் என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட கை. வகுப்பில் உட்காருகிறேன், பேனாவைப் பிடிக்கிறேன், தாளில் எதுவும் விழவில்லை. முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. நான், முப்பத்தொன்று.

விதி இருந்தது, சரி. அதை என் முன்னால் வாசித்திருந்தால் நான் பேசியிருப்பேனா மாட்டேனா என்று நீ எப்படி முடிவு செய்தாய்? நான் பேசமாட்டேன் என்பது உனக்கு எத்தனை வசதியாக இருந்தது. நம் வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பழைய கட்டடத்தில் வரலாற்றுத் துறை இருக்கிறது. மதியம் அங்கே வெளியே நின்று கேட்கிறேன். சன்னல் உடைந்திருப்பதால் எல்லாம் கேட்கும். அந்த ஆசிரியர் ஒரு ஊரின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, எந்த வருடம் எந்தத் தெருவில் காய்ச்சல் வந்தது, அந்தத் தெருவுக்கு எந்தக் கிணறு என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் நின்றபடியே கேட்டேன். கால் வலித்தது வகுப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

உன் ஒன்றரைப் பக்கத்தை எங்கள் மேசையில் எல்லோரும் படியெடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா எழுதினது, எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். "எங்க அக்கா, வார்ப்பாலையில தட்டிப் பாக்குற வேலை" என்றேன். அவர் தாளைத் திரும்பத் தர நேரமாயிற்று.

இத்தனை பிடித்திருந்தால் இந்தப் பாடத்தை நீயே வந்து படித்திருக்கலாமே. என்னை எதற்காக அனுப்பினாய்?

இப்படிக்கு,
(கையெழுத்து என்னுடையதுதான், குறி யாரும் போடவில்லை)

*

வீடு
செப்டம்பர் 6

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது.

துறை மாற வேண்டுமென்றால் மாறிக்கொள். முதல் வருடத்தில் செப்டம்பர் கடைசி வரை மாறலாம் என்று விதி. ஆனால் உதவித்தொகை உன்னோடு அந்தக் கட்டடத்துக்கு வராது. அதைத் தெரிந்துகொண்டு செய். மாற்ற விண்ணப்பத்தை எனக்கு அனுப்பாதே. நீயே நிரப்பு. நான் இனி யாருக்கும் குறி போடுவதாக இல்லை. நேற்று அப்பாவின் காது மருத்துவச் சீட்டைக்கூட அவரே படிக்கட்டும் என்று மேசையில் வைத்துவிட்டேன். பாவம், அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

அக்கா

*

விடுதி, அறை எண் 34
செப்டம்பர் 19

அக்கா, என் அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலம் என்று எழுத முடியவில்லை.

துறை மாறினால் என்னென்ன போகும் என்று கேட்க இன்று மறுபடி அந்தக் கடைசி அறைக்குப் போனேன். அந்த அம்மா அலமாரியைத் திறந்து என் கோப்பை எடுத்தார். கணினியில் இருப்பது பட்டியல் மட்டும்தானாம், காகிதங்கள் கோப்பில் இருக்குமாம். புரட்டினார். என் விண்ணப்பத்தின் பின்னால் இன்னொன்றைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தியிருந்தார்கள்.

"ஒரே வீட்டு விலாசம்னு சேர்த்துக் குத்தி வச்சிருக்கு. இது யாரு, உங்க அக்காவா?" என்றார்.

உன் படம். வேலைக்குப் போட்டுப் போகும் அந்த நீலச் சட்டை. உன் கையெழுத்தில் உன் பெயர், உன் பள்ளி மதிப்பெண்கள். என்னுடையதைவிட நாற்பத்திரண்டு அதிகம், எனக்குத் தெரியவே தெரியாது. 'இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு என் விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாய். உன்னுடையதில் கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருக்கிறாய்.

கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். கையெழுத்து இல்லை.

எல்லோருக்கும் குறி போட்டு வைக்கிறவள், தனக்கும் ஒன்று போட்டு வைத்துவிட்டு, தான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மறந்து அனுப்பியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்த அம்மா அடுத்த தாளைத் திருப்பியதும் நின்றுவிட்டது. அறக்கட்டளை நம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நகல். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் தர முடியும், மதிப்பெண்படி மூத்தவரே முன்னால் இருக்கிறார், ஆனால் அவர் விண்ணப்பத்தில் கையொப்பம் இல்லை, பத்து நாளைக்குள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும், தவறினால் இளையவரின் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்படும்.

நீ போகவில்லை.

அக்கா, நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உன்னுடையது. நான் தூங்கும் கட்டில் உன்னுடையது. நான் வெறுக்கிற இந்தப் பாடப் புத்தகத்தின் மீது உன் பெயர் இருந்திருக்க வேண்டும். போன கடிதத்தில் நான் என்ன கேட்டேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஏன் போகவில்லை? இந்தக் கேள்விக்காவது பதில் எழுது.

உன்
பூச்சி

*

விடுதி, அறை எண் 34
அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதினைந்து நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனை அம்மாதான் எடுக்கிறாள். "அவ வேலையில இருக்கா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையுமா?

சரி, நான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 27 அன்று துறை மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான். வரலாற்றுத் துறைத் தலைவர் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றேன். கதவு திறந்ததும், "உள்ள வாங்க, சன்னலுக்கு வெளிய நிக்கிறவங்கதானே நீங்க" என்றார். தெரிந்தே வைத்திருக்கிறார். முழுதாகப் பத்து நிமிடம் பேசினேன். பேசியது நான்தான்.

இந்த வருடக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டியாகிவிட்டது, முதல் வருடத்தில் மாறினால் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அடுத்த வருடத்துக்குக் கல்லூரி ஆவண அறையில் தினம் மூன்று மணி நேர வேலை. பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிப் பட்டியல் எழுத வேண்டும், அதற்குப் பதிலாக விடுதி. பாதிக் கட்டணத்துக்கு நானூறு பேரோடு நானும் போட்டி போடுவேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. ஆனாலும் அந்தத் 'தெரியாது' என்னுடையது.

இப்போது முக்கியமான விஷயம். நான் விலகியதால் நம் வீட்டின் பேரில் இருந்த இடம் காலியாகிவிட்டது. அறக்கட்டளை அடுத்த வருடத்துக்கான விண்ணப்பங்களை அக்டோபர் 31 வரை வாங்குகிறது. வயது வரம்பு இருபத்தைந்து. உனக்கு பிப்ரவரியில் இருபத்தைந்து முடிகிறது. அதாவது இந்த அக்டோபர்தான், அக்கா. இதற்குப் பிறகு ஒன்று கிடையாது.

விண்ணப்பத்தை நிரப்பி இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பழைய விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். 'ஏன் இந்தப் பாடம்' என்ற கட்டத்தில் நீ எழுதியதை ஒரு சொல் விடாமல் படியெடுத்தேன், ஓரத்தில் ஏறிய வரிகள் உட்பட.

நாலாம் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் கையெழுத்துப் போடு. நம் வீட்டு வழக்கப்படி, படிக்காதே.

உன்
பூச்சி

*

வீடு
அக்டோபர் 13

அன்புள்ள பூச்சிக்கு,

உன் கடிதம் வார்ப்பாலை விலாசத்துக்கே வந்திருந்தால் மானம் போயிருக்கும். நல்ல வேளை, வீட்டில் பிரித்தேன். செப்டம்பர் 27 என்ற வரியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடிவந்து, "என்னடி, தலை சுத்துதா?" என்றாள். "உன் சின்னப் பொண்ணு பத்து நிமிஷம் பேசினாளாம்மா" என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

முழு உதவித்தொகையை ஒரு கையெழுத்தில் தூக்கிப் போட்டிருக்கிறாய். மாறிக்கொள் என்று எழுதியது நான்தான், ஆனாலும் போடுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உன்னை அடிக்க அங்கேயே வந்திருப்பேன். பிறகு, கேட்காமல் செய்வது யாரிடமிருந்து வந்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் போகவில்லை என்று கேட்டாய். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அதற்கு ஒரு நல்ல பொய் தேடிக்கொண்டிருந்தேன். உனக்காகத்தான் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், நானும் நம்பிவிடுவேன். எழுதக்கூடாது என்று இருந்தேன்.

நான் போனேன். பத்தாவது நாள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, சட்டைப் பையில் பேனாவோடு உன் கல்லூரிக்கு வந்தேன். இரண்டாம் மாடி ஏறினேன். படியெல்லாம் உன் வயசுப் பிள்ளைகள், சிரித்துக்கொண்டு. நான் பள்ளி முடித்து ஆறு வருடம். கையெல்லாம் கரி. அந்தக் கண்ணாடிக்கார அம்மா நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்றார். பேனாவைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். "தங்கச்சி அனுப்பின காகிதம் சரியா வந்திருக்கான்னு பாக்க வந்தேன்" என்றேன். "எல்லாம் சரியா இருக்கு" என்றார். இறங்கி வந்துவிட்டேன்.

அதனால் தியாகம் கீகம் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. பயம். உன்னை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். நம் வீட்டில் பூச்சி நீ ஒருத்தி மட்டும் இல்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். என் சம்பளம் நின்றால் வீடு என்னாகும்? காதருகில் போய்க் கத்திச் சொன்னேன். பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் அசரவில்லை. "காதுதான் போச்சு, கண்ணு போகல. நீ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல புத்தகம் வச்சுக்கிட்டிருந்தது ஆறு வருஷமா எனக்குத் தெரியாதா? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த வீடு ஓடிச்சு" என்றார். இன்று காலை கிரேன் கூண்டுக்கு என் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். இன்னும் எதுவும் கிடைக்கவில்லை அப்பா என்றேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டார். உண்மையிலேயே கேட்கவில்லையோ என்னவோ.

நீ அனுப்பிய விண்ணப்பத்தைப் படித்தேன். ஒவ்வொரு வரியும். இரண்டாம் பக்கத்தில் என் பிறந்த தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறாய், வரலாறு படிக்கிறவள் செய்கிற காரியமா? அடித்துத் திருத்திவிட்டேன். 'ஏன் இந்தப் பாடம்' என்ற இடத்தை வாசித்தபோது, இதை எழுதியவளுக்கு இடம் கொடுக்கலாம் என்று எனக்கே தோன்றியது. குறியை ரப்பரால் அழித்துவிட்டு, பேனாவால் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கோணல்தான். ஆறு பேரோ அறுபது பேரோ, தெரியாது. தட்டிப் பார்க்கட்டும், சத்தம் சரியாக வந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

தபாலில் போடப் போவதில்லை. திங்கட்கிழமை நானே கொண்டுவருகிறேன். நீ என்னோடு மாடிக்கு வராதே, வகுப்புக்குப் போ. சன்னலுக்கு வெளியே இல்லை, உள்ளே. முடித்துவிட்டு வந்து நான் அந்தச் சன்னலுக்கு வெளியே நிற்கிறேன்.

இதனுடன் இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். நான் ஒட்டாமல் விட்ட உன் வரலாறு விண்ணப்பம். கிழிக்க மனம் வராமல் என் சுத்தியல் பையின் அடியில் மடித்து வைத்திருந்தேன், அதனால்தான் ஓரமெல்லாம் கறுப்பு. உன் கையெழுத்து இருக்கிறது. அதன் அடியில் நான் போட்ட குறியும் இருக்கிறது.

அதை நீ அழித்துக்கொள்.

அக்கா